பயிற்சி ‘மாதிரி’ ஒன்று: அரசு மனநல மருத்துவமனைகளில் உள்ளுறைப் பயிற்சி குறித்து

நீண்ட பதிவு. உளவியல், மொழியியல், சமூகப்பணி ஆகிய துறைகளில் பயிலும் நண்பர்களும், அவர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்திடும் பேராசிரியர்களும் முழுவதும் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு, வட இந்திய நகரமொன்றின் அரசு மனநல மருத்துவமனையில் களப்பணியில் இருந்தேன். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதும் உரையாடலில் மொழி என்ன செய்கிறது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. மூலையில் ஒரு நாற்காலி, கையில் ஒரு குறிப்பேடு. என் ஆய்வு நெறிமுறைப்படி அங்கே நான் வாய் திறக்கக் கூடாது. ஒருநாள் திறந்தேன்.

நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவரைச் சரக்குப் பெயர்ச்சி அலுவலகத்துக்காரர் அழைத்து வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பல வாரங்களாக உறக்கமில்லை, உணவில்லை, வண்டியில் ஏற மறுக்கிறார். அவருக்கு இந்தி தெரியாது. எதிரே அமர்ந்திருந்த பயிற்சி மாணவிக்குத் தமிழ் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து சென்றேன். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. “மனசுக்குள்ள ஆரோ பேசீட்டே இருக்கற மாதிரி இருக்குது கண்ணு” என்றார். நான் அவசரத்தில் அதை இந்தியில் சொன்னேன்: மனத்துக்குள் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார். மாணவியின் பேனா உடனே ஓடியது. அவர் தொடர்ந்து, “நீ முழிச்சிருந்தா அவன் இருந்திருப்பான்னு” என்றார். அந்த இரண்டாம் வாக்கியத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். கோப்பில் ‘குரல்கள் கேட்கின்றன’ என்று ஏறிவிட்டது.

நடந்தது இதுதான். சில மாதங்களுக்கு முன் நெடுஞ்சாலை விபத்தொன்றில் அவருடன் வந்த கிளீனர் இறந்துபோனார். வண்டியை ஓட்டியவர் இவர். மனத்துக்குள் பேசியது இவருடைய குற்றவுணர்ச்சி. அவர் சொன்ன வாக்கியத்தில் ‘மாதிரி’ என்ற ஒரு சொல் இருந்தது. அது உவமையைக் குறிக்கும் சொல்; ‘உண்மையில் அப்படியில்லை, அப்படித் தோன்றுகிறது’ என்பதைக் கேட்பவருக்கு உணர்த்தும் சொல். மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற நான் அந்தச் சொல்லைத் தவறவிட்டேன். துயரத்துக்கும் உளப்பிறழ்வுக்கும் நடுவில் அந்த ஒரு சொல்தான் நின்றது.

மருத்துவர் கோப்பைப் புரட்டி, அதில் எழுதியிருந்ததை நம்பி மருந்தெழுத முற்பட்டபோது, பக்கத்து மேசையிலிருந்த மலையாளிச் செவிலியர் ஒருவர் எழுந்து வந்தார். தமிழ் புரிந்தவர், அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் கேட்டவர். “அது குரலில்லை டாக்டர், செத்துப்போன பையனை நினைத்துச் சொல்கிறார்” என்றார். மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு மீண்டும் விசாரிக்கப்பட்டது, வேறு விதமாக எழுதப்பட்டது, சிகிச்சையும் மாறியது.

அந்தச் செவிலியர் அன்று விடுப்பில் இருந்திருந்தால்? இந்தப் பதிவு முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்துதான் எழுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாணவியின் மீது எனக்குக் குற்றச்சாட்டு ஏதுமில்லை. அவள் முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டு. ஒரு மாத உள்ளுறைப் பயிற்சியின் மூன்றாம் வாரம். அந்த ஒரு மாதத்துக்கு அவள்தான் பணம் கட்டியிருந்தாள். அந்த மேசையில் அவளுக்கு மேற்பார்வையாளர் யாருமில்லை. அன்று காலை மட்டும் அவள் ஏழாவது ஆளிடம் வரலாறு கேட்டுக்கொண்டிருந்தாள். மாலையில் தேநீர்க் கடையில் அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “நான் எழுதியதை யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தேன், அக்கா. பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்?”

பெயர் ஒன்று, பொருள் மூன்று

‘மருத்துவ உளவியல் உள்ளுறைப் பயிற்சி’ என்ற ஒரே பெயரால் மூன்று வெவ்வேறு செயல்களை நாம் குறிக்கிறோம். இந்தக் குழப்பம் தற்செயலானதன்று, பலருக்கு வசதியானது.

முதலாவது, முதுகலை மாணவர் ஒரு மாதமோ இரண்டு மாதமோ மருத்துவமனையில் இருந்து சான்றிதழ் பெறுவது. பல இடங்களில் இதற்கு மாணவரே கட்டணம் செலுத்துகிறார். இரண்டாவது, எம்.ஃபில். மருத்துவ உளவியல் போன்ற, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் ஏற்புப் பெற்ற, இரண்டாண்டு முழுநேரப் பயிற்சி. இங்கே மேற்பார்வை பாடத்திட்டத்தின் உடல். அது இல்லாவிட்டால் பட்டமே இல்லை. மூன்றாவது, மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் பணியமர்த்தப்படுவோருக்கான பணிக்காலப் பயிற்சி.

இவற்றுள் முதலாவது உண்மையில் பார்வையிடல். அதில் தவறில்லை, பார்வையிடலுக்கும் கல்வியில் இடமுண்டு. ஆனால் பார்வையிட வந்தவரை உட்காரவைத்து, இரண்டாம் வகைப் பயிற்சியாளர் மேற்பார்வையின்கீழ் செய்ய வேண்டிய வேலையைத் தனியே செய்யச் சொல்லி, அதற்கு அவரிடமே பணமும் வாங்குவதை என்னவென்று அழைப்பது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லித்தானே மாணவர்களை மருத்துவமனைக்கு அனுப்புகிறோம்? அங்கே போனதும் ஒன்று, சுரைக்காயைத் தூரத்திலிருந்து காட்டி அனுப்புகிறோம். அல்லது, சமைக்கவே தெரியாதவரிடம் அடுப்பை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறோம். இரண்டுக்கும் சான்றிதழ் ஒன்றுதான்.

இந்தப் பயிற்சி எங்கே பிறந்தது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்வோம். 1946இல் போர் குழு பரிந்துரைத்ததன் பயனாக, 1954இல் பெங்களூருவில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. 1955இல் அங்கே மருத்துவ உளவியலுக்கான பட்டயப் பயிற்சி ஆரம்பமாயிற்று. அந்நிறுவனமே 1974இல் நிம்ஹான்ஸ் ஆனது. அதாவது, இந்நாட்டில் மருத்துவ உளவியல் என்ற தொழில் அரசு மருத்துவமனையின் விடுதிக் கூடங்களில், அரசுப் பணத்தில், நோயாளியின் படுக்கைக்கு அருகில் உருவானது. தனியார் ஆலோசனை அறைகளுக்கு ஆள் தயாரித்துத் தருவதற்காக அது தொடங்கப்படவில்லை.

சட்டம் சொல்வதும் நாம் செய்வதும்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் பிரிவு மருத்துவ உளவியலாளர் யார் என்பதை வரையறுக்கிறது. மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்றுக்கொண்ட தகுதி வேண்டும்; எம்.ஃபில். வழியாக வருவோருக்கு, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சியை உள்ளடக்கிய இரண்டாண்டு முழுநேரப் படிப்பு வேண்டும். ‘மேற்பார்வையுடன் கூடிய’ என்பது சட்டத்தின் சொல். என் கற்பனையன்று.

அதே பிரிவு, தகவலறிந்த ஒப்புதல் என்பதை வரையறுக்கும்போது, நோயாளி புரிந்துகொள்ளும் மொழியிலும் முறையிலும் தகவல் தரப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. நான்காம் பிரிவு, ஒருவரின் முடிவெடுக்கும் திறனை மதிப்பிடும்போது அவருக்குப் புரியும் எளிய மொழியிலோ, சைகை மொழியிலோ, காட்சிக் கருவிகளாலோ தகவல் தரப்பட வேண்டும் என்கிறது. இருபத்து மூன்றாம் பிரிவு நோயாளிக்கு அந்தரங்கம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது.

இப்போது அந்த மேசையை மீண்டும் பாருங்கள். லாரி ஓட்டுநரிடம், எதிரே இருப்பவர் மாணவி என்று யாரும் சொல்லவில்லை. மூலையிலிருந்து எழுந்து வந்த நான் யாரென்று யாரும் சொல்லவில்லை. நான் அவர் சொன்னதை வேறொரு மொழியில் சொல்லலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஊர்ப் பேச்சைக் கேட்ட நிம்மதியில் அவர் மனத்தைத் திறந்தார். அந்த நிம்மதியை நாங்கள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம்.

சட்டத்தின் 31ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கை பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல்களை எட்ட, சட்டம் நடைமுறைக்கு வந்த பத்தாண்டுகளுக்குள் அரசு முயற்சி எடுக்க வேண்டும். அந்தப் பத்தாண்டு 2028 மே மாதத்தில் முடிகிறது.

எவ்வளவு தூரம் போக வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு மனநல அட்லஸ்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.07 உளவியலாளர்கள். கோடிப் பேருக்கு ஏழு பேர். நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதோவொரு மனநலக் கோளாறுடன் வாழ்கின்றனர். கோளாற்றுக்குக் கோளாறு மாறினாலும், சிகிச்சை எட்டாதோரின் பங்கு 70 முதல் 92 சதவீதம் வரை இருக்கிறது. இந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதுதான் கேள்வி. இன்று நாம் அதை ஒரு மாத மாணவர்களைக் கொண்டு நிரப்புகிறோம். நிரப்பிவிட்டதாகக் கணக்கும் எழுதிக்கொள்கிறோம்.

கட்டணம் யாரை வெளியே நிறுத்துகிறது

மருத்துவப் பட்டதாரி தன் ஓராண்டுக் கட்டாயச் சுழற்சிப் பயிற்சியில் உதவித்தொகை பெறுகிறார். அந்தத் தொகை போதவில்லை என்றும், பல தனியார் கல்லூரிகள் தருவதில்லை என்றும் அவர்கள் போராடுகிறார்கள், நியாயமான போராட்டம். ஆனால் அதே மருத்துவமனை வளாகத்தில் உளவியல் மாணவர் பணம் கட்டி வேலை செய்கிறார். ‘பணம் கொடுத்து வேலை செய்வது’ என்ற சொற்றொடரே தமிழில் இயல்பாக ஒலிக்கவில்லை. வேலைக்குக் கூலி என்றுதான் நம் மொழி பழகியிருக்கிறது.

“அனுபவமே ஊதியம்” என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுமொழி. அப்படியானால் அந்த ஊதியத்தைக் கொண்டு அறை வாடகை கட்ட முடியுமா? வெளியூரில் ஒரு மாதம் தங்கி, உண்டு, பயணித்து, பயிற்சிக் கட்டணமும் செலுத்தக்கூடிய மாணவர் யார்? பெருநகரத்தில் வீடிருப்பவர், ஆங்கிலவழியில் படித்தவர், வீட்டிலிருந்து பணம் வரக்கூடியவர். தாலுகாக் கல்லூரியில் உளவியல் படித்துவிட்டு, விடுமுறையில் வீட்டுக்குச் சம்பாதித்துத் தர வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரி அந்த வரிசையில் நிற்பதேயில்லை. எம்.ஃபில். நுழைவில் அனுபவம் கேட்கும்போது, இந்தச் சான்றிதழ்கள்தாம் மேசைமேல் வைக்கப்படுகின்றன. ஆக, கட்டணம் வாங்கும் ஒவ்வொரு இடமும் இத்தொழிலுக்குள் யார் வரலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. இடஒதுக்கீடு பல்கலைக்கழக வாசலில் இருக்கிறது. அதற்கு முன்பே இருக்கும் இந்த வாசலில் இல்லை.

இங்கேதான் என் துறைக்கு வேலை வருகிறது. அரசு மனநல மருத்துவமனைக்கு வரும் நோயாளி பெரும்பாலும் ஏழை. பெரும்பாலும் ஊரகத்திலிருந்தோ, வேறு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தோ இருப்பவர். அவருடைய பேச்சை வீட்டில் பேசி வளர்ந்த மாணவரைக் கட்டணம் வெளியே நிறுத்திவிட்டது. உள்ளே இருப்பவருக்கு அந்தப் பேச்சு அந்நியம். பிறகு நாமே கருத்தரங்கு கூட்டி, மனநலச் சேவையில் மொழித்தடை இருக்கிறது என்று கவலைப்படுகிறோம். மொழித்தடை வானத்திலிருந்து விழவில்லை. அதற்குக் கட்டணம் நிர்ணயித்தவர்கள் நாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாக 121 மொழிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் எட்டாம் அட்டவணையில் இருப்பவை 22. அதிலும் ‘இந்தி’ என்ற ஒரே தலைப்பின் கீழ் ஐந்து கோடிக்கும் மேற்பட்டோரின் போஜ்புரியும், வேறு பல தாய்மொழிகளும் அடக்கப்பட்டிருக்கின்றன. என் களத்தில் போஜ்புரிப் பெண்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லும் விதமே வேறு. நெஞ்சு கனக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று உடலின் வழியாகச் சொல்வார்கள். கோப்பில் அது ‘பதற்றம்’ என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கும். எரிவது எப்போது தொடங்கியது, யார் வீட்டுக்கு வந்தபின் தொடங்கியது என்பதெல்லாம் அந்தச் சொல்லோடு போய்விடும். ஆக, இந்தி தெரிந்த மாணவர் இந்திப் பகுதியில் இருந்தால் சிக்கலில்லை என்பதும் உண்மையன்று.

ஓர் எண்ணின் விலை

இது வெறும் பேச்சுச் சிக்கல் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, குறிப்பிட்ட மாற்றுத்திறன் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றளிக்கப்பட்டால்தான் பல உரிமைகளும் சலுகைகளும் கிடைக்கும். அறிவுத்திறன் குறைபாட்டுக்கான சான்றிதழில் நுண்ணறிவுச் சோதனைக்கு முக்கிய இடமுண்டு. இன்றும் பல இடங்களில் பயன்படும் பினே-காமத் சோதனை, ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையை அடியொற்றி 1930களில் மராத்தி, கன்னடம் பேசும் குழந்தைகளுக்காகத் தழுவி அமைக்கப்பட்டது. அதன் பல வினாக்கள் மொழி சார்ந்தவை. பாட்டியாவின் செயல்திறன் சோதனைத் தொகுதி 1955இல் வெளிவந்தது.

இந்தச் சோதனைகளின் வயதை விட்டுவிடுவோம். சோதனையை நடத்துபவர், குழந்தையின் மொழியில் கேள்வியை அந்த நிமிடமே தானாக மொழிபெயர்த்துக்கொண்டு கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மொழிபெயர்ப்பு மாறுகிறது. குழந்தைக்குக் கேள்வி புரியாததையும், குழந்தைக்கு விடை தெரியாததையும் மதிப்பெண் வேறுபடுத்துவதில்லை. இந்த வேலையை அனுபவமுள்ள உளவியலாளர் செய்யும்போது, எந்தத் தவறை மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். பயிற்சியாளர் செய்யும்போது, அதைச் சொல்ல அருகில் ஒருவர் இருக்க வேண்டும். இல்லாதபோது ஒரு குழந்தைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகலாம். வேறொரு குழந்தையின்மேல் தேவையற்ற ஒரு முத்திரை வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொள்ளலாம்.

மேற்பார்வை என்பதன் பொருள் இதுதான். மாத இறுதியில் பதிவேட்டில் இடப்படும் கையெழுத்து மேற்பார்வையாகாது. பயிற்சியாளர் கேட்டதை, அன்றே, நோயாளி வீடு திரும்புமுன், தெரிந்த ஒருவர் மீண்டும் கேட்டுச் சரிபார்ப்பதே மேற்பார்வை.

இருந்த ஒன்றையும் இழக்கிறோம்

இத்தனைக்கும் நடுவில், மேற்பார்வையைக் கட்டாயமாக்கியிருந்த பட்டத்தையே கேள்விக்குறியாக்கினோம். தேசியக் கல்விக் கொள்கை 2020 எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை நீக்கின. 2023 டிசம்பரில் எம்.ஃபில். சேர்க்கையை நிறுத்துமாறு மானியக் குழு எச்சரித்தது. மருத்துவ உளவியலிலும் உளமருத்துவச் சமூகப்பணியிலும் எம்.ஃபில். என்பது ஆய்வுப் பட்டமன்று, தொழிற்பயிற்சி என்று எதிர்ப்பு எழுந்த பிறகு, அவ்விரண்டின் ஏற்பு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிக்கப்பட்டது.

கவனியுங்கள்: பெயரைப் பார்த்துப் பட்டத்தை நிறுத்தினார்கள். இலக்கியத்திலும் வரலாற்றிலும் எம்.ஃபில். என்றால் ஓர் ஆய்வேடு. மருத்துவ உளவியலில் எம்.ஃபில். என்றால் ஈராண்டு மருத்துவமனை வாழ்க்கை. பெயர் ஒன்றாக இருந்ததால் பொருளும் ஒன்று என்று கருதிவிட்டார்கள். சொல்லையும் பொருளையும் பிரித்தறியாமல் ஒரு கொள்கை எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மொழியியல் வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

எம்.ஃபில். குறையற்றது என்று நான் வாதிடவில்லை. அதன் இடங்கள் மிகச் சில. நுழைவுத் தேர்வின் மொழி ஆங்கிலம். பயிற்சியாளர்களை இரவு பகலாக வேலை வாங்கி, உதவித்தொகை தராத தனியார் நிறுவனங்கள் உண்டு. இவற்றையெல்லாம் சீர்திருத்தியிருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு என்ற நூலில் ஒரு தொழிலின் எதிர்காலத்தைத் தொங்கவிடுவது சீர்திருத்தமன்று. மாற்றாக வரும் பட்டத்தின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். இரண்டாண்டு, முழுநேரம், மேற்பார்வை என்ற மூன்றும் அதில் இருக்கின்றனவா என்பதை மட்டும் கேளுங்கள்.

வரப்போகும் மறுப்புகள்

‘அரசிடம் பணமில்லை.’ மேற்பார்வையற்ற பயிற்சிக்கும் விலையுண்டு. தவறான நோய்க்குறிக்கு எழுதப்படும் மருந்தின் விலை, மீண்டும் மீண்டும் வரும் நோயாளியின் கூலி இழப்பு, பாதியில் நின்றுபோகும் சிகிச்சை. இவை மருத்துவமனையின் கணக்கேட்டில் ஏறுவதில்லை. நோயாளியின் வீட்டுக் கணக்கில் ஏறுகின்றன. ஆகவே பணமில்லை என்பதன் உண்மைப் பொருள், ‘அதை ஏழைகள் கட்டட்டும்’ என்பதே.

‘மாணவர்கள் இல்லாவிட்டால் புறநோயாளிகள் பிரிவே நடக்காது.’ இதை மறுப்பாகச் சொல்கிறார்கள். நான் இதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் இல்லாமல் நடக்காது என்றால் அவர்கள் செய்வது உழைப்பு. உழைப்பு என்றால் ஊதியம் உண்டு, பொறுப்பு உண்டு, கற்றுத்தரும் கடமை உண்டு.

‘மொழி போகப்போக வந்துவிடும்.’ வரும். ஆனால் அது வரும்வரை யாருடைய துன்பத்தின்மேல் பழகிக்கொள்கிறோம்? அறுவைச் சிகிச்சையில் ‘கை போகப்போக வந்துவிடும்’ என்று சொல்லி முதலாண்டு மாணவரிடம் கத்தியைத் தருவோமா? மனநல மருத்துவத்தில் பேச்சே கத்தி.

‘மொழியியல் படித்தவருக்கு இதில் என்ன வேலை?’ இது எனக்கு நேரடியாகச் சொல்லப்பட்டது. என் விடை எளிது. அந்த ‘மாதிரி’யைத் தவறவிட்டது நான். அந்தப் பிழைக்குப் பொறுப்பேற்கும் உரிமையாவது எனக்கு வேண்டும்.

என்ன செய்யலாம்

கோரிக்கைகள் பெரிய கனவுகள் அல்ல.

1. அரசு மருத்துவமனை எதுவும் மனநலப் பயிற்சிக்காக மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. முழுநேரப் பயிற்சியாளர் அனைவருக்கும், தனியார் நிறுவனங்களில் பயில்வோர் உட்பட, உதவித்தொகை கட்டாயமாக்கப்பட வேண்டும்.

2. ஒரு மாதப் பார்வையிடலை ‘பார்வையிடல்’ என்றே சான்றிதழில் எழுதுங்கள். பார்வையாளர் தனியே வரலாறு எழுதக் கூடாது. சோதனை நடத்தக் கூடாது.

3. மேற்பார்வையாளரின் எண்ணிக்கைக்கு ஏற்பவே பயிற்சியாளரைச் சேர்க்க வேண்டும். பயிற்சியாளர் எழுதிய ஒவ்வொரு கோப்பையும், நோயாளியை நேரில் பார்த்தபின் மேற்பார்வையாளர் அன்றே உறுதிசெய்ய வேண்டும்.

4. பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியேனும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவமனையில் கழிய வேண்டும். அந்தப் பகுதியின் மொழியிலும், அம்மக்கள் துன்பத்தைச் சொல்லும் வழக்குகளிலும் முன்கூட்டியே பயிற்சி தரப்பட வேண்டும். இந்தப் பாடத்தை வடிவமைப்பதில் மொழியியல் துறைகள் பொறுப்பேற்க வேண்டும். இலக்கண ஆய்வுக்குத் தரவு தேடி மருத்துவமனைக்குப் போகும் என்னைப் போன்றவர்கள், அங்கிருந்து எடுப்பதற்கு ஈடாக இதையாவது திருப்பித் தர வேண்டும்.

5. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் என்ற பணியிடம் பெரிய அரசு மனநல மருத்துவமனைகளில் உருவாக்கப்பட வேண்டும். காவலாளி, உடன்வந்த உறவினர், மூலையில் அமர்ந்திருக்கும் ஆய்வாளர் ஆகியோர் மொழிபெயர்ப்பாளர்கள் அல்லர்.

6. எதிரே இருப்பவர் பயிற்சியாளர் என்பதை நோயாளிக்கு அவர் மொழியில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று மறுக்க அவருக்கு உரிமையுண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் ஆறாவதும் நடைமுறைக்கு வரப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஒரு துறைத்தலைவர் நாளைக் காலை நினைத்தால் போதும். அதனால்தான் இந்தப் பதிவைப் பேராசிரியர்களும் வாசிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்டேன். அடுத்த முறை ஒரு சான்றிதழ் உங்கள் மேசைக்கு வரும்போது, இந்த மாணவர் எழுதிய கோப்புகளுள் எத்தனையை நான் படித்தேன் என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விடை பூஜ்யமானால், நீங்கள் கையெழுத்திடுவது பயிற்சிக்கு அன்று. பயிற்சி மாதிரி ஒன்றுக்கு.

மாணவ நண்பர்களுக்கு: கட்டணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். மேற்பார்வை கிடைத்த நாள், கிடைக்காத நாள் இரண்டையும் தேதியுடன் எழுதி வையுங்கள். தனியே வரலாறு எழுதச் சொன்னால், எனக்கு அருகில் ஒருவர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது பலவீனமென்று சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு அஞ்சி நாம் வாய்மூடினால், நம் எதிரே இருப்பவர் சொன்ன சொல் கோப்பில் தவறாக ஏறிவிடும்.

அந்த ஓட்டுநர் மூன்றாவது முறை வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். இறந்துபோன கிளீனரின் அம்மாவிடம் தொலைபேசியில் பேசிவிட்டதாகச் சொன்னார். “இப்ப கொஞ்சம் பரவால்ல மாதிரி இருக்குது கண்ணு” என்றார். இம்முறை அந்த ‘மாதிரி’யை நான் தவறவிடவில்லை. முழுவதும் சரியாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. சரியாகிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது என்றுதான் சொன்னார். இந்தியில் அப்படியே சொன்னேன். இம்முறை மாணவியின் அருகில் ஒரு மேற்பார்வையாளர் அமர்ந்திருந்தார். அவரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மாற்றுக் கருத்துகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். களத்தில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை நிறுவனத்தின் பெயரோ நோயாளியின் அடையாளமோ இல்லாமல் பகிருங்கள். விவாதிப்போம்.